முதல் கேள்வி

மனிதன் தவறலாம், கம்ப்யூட்டர் தவறாது என்ற உண்மை 1986-ல் கப்பலூரில் நிலைநாட்டப்பட்டது.

நிலைநாட்டியவர் பம்ப்செட் கம்பெனி முதலாளி நல்லகாமன். அதற்கு முன்பே கம்ப்யூட்டர் திரைக்குச் சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் நறுக்கியாயிற்று.

“இதுக்குச் சாதி தெரியாது, சிபாரிசு தெரியாது. என் மாப்ள மருதுவே வரிசையில நின்னு வேலைக்குப் பரீட்சை எழுதியிருக்காரு!”

கைதட்டல் அடங்கியதும் சௌந்தரராஜன் பட்டனைத் தட்டினான். பெங்களூரில் கம்ப்யூட்டர் படித்து வந்தவன். இன்று சரியாக நடந்தால் வேலை நிரந்தரம்.

அவன் மிஷினுக்கு எழுதிக் கொடுத்திருந்தது இவ்வளவுதான். மார்க் நாற்பதைத் தாண்டினால் வாட்ச்மேன். அறுபதைத் தாண்டினால் பட்டறை. எண்பதைத் தாண்டினால் ஆபீஸ். எதுவுமில்லை என்றால் வீட்டுக்கு.

பிரிண்டர் கறகறவென்று தாளைத் தள்ளியது.

வாட்ச்மேன். வாட்ச்மேன். வாட்ச்மேன். கடைசிவரை வாட்ச்மேன்.

சௌந்தரராஜனுக்குத் தன் தப்பு புரிந்துவிட்டது. எண்பதைத்தான் முதலில் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். தொண்ணூறு வாங்கியவனும் நாற்பதைத் தாண்டியவன்தானே? ஒரு கேள்விக்கு ஆமாம் என்று வந்துவிட்டால், மிஷின் அடுத்த கேள்விக்குப் போகாது.

வரிசையை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் தப்பு யாருடையது என்று சபையில் சொல்ல வேண்டிவரும்.

“என்னய்யா இது, என் மாப்ளயுமா வாட்ச்மேன்?”

“வோல்டேஜ் ஏறி இறங்குது முதலாளி. இந்தா, சரி பண்ணிட்டு வாரேன்.”

எல்லாக் கேள்விக்கும் மேலே புதிதாக ஒரு கேள்வியைச் சேர்த்தான்: பெயர் மருதுவா? அப்படியானால் ஆபீஸ்.

மற்றதை அவன் தொடவில்லை.

இரண்டாவது தாளை முதலாளி கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கூட்டம் கலையும்போது, எழுமலையிலிருந்து வந்திருந்த முத்துக்கருப்பன் மட்டும் கிட்டே வந்து நின்றான்.

“அண்ணே, எனக்குத் தொண்ணூத்தொன்னுன்னு சொன்னாங்களே. கேட்டுல நிக்கவா அம்புட்டும் படிச்சேன்?”

சௌந்தரராஜன் திரையில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினான்.

“மிஷின் தப்புப் பண்ணாது தம்பி.”

சாயங்காலமே அவனுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. மறுநாள் அவன் சைக்கிளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டவன் முத்துக்கருப்பன்.

பரீட்சையில் மற்ற எல்லாரும் அறுபதுக்கு மேல். மாப்பிள்ளை வாங்கியது நாற்பத்தாறு.

முதல் தாளில் மிஷின் சரியாகச் சொல்லியிருந்தது அவர் ஒருவரைத்தான்.