முப்பத்திரண்டாவது நட்சத்திரம்

கேரட் துண்டு இன்றைக்கும் தட்டிலேயே கிடந்தது. டீச்சர் பச்சை நட்சத்திர ஸ்டிக்கரைத் திரும்பவும் மேசை டிராயருக்குள் போட்டு மூடினார்.

வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். பள்ளித் தோட்டத்தில் தாங்களே வளர்த்த காய்கறியைச் சாப்பிட்டால், சுவர் அட்டையில் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம். முப்பத்தொன்று ஒட்டியாகிவிட்டது. பாக்கி அந்த ஒரு பெண்தான்.

"அவங்க அம்மாகிட்ட போன்ல கேட்டேன்," என்றார் டீச்சர், தோட்டக்காரரிடம். "வீட்ல கத்தரிக்காய்கூட மிச்சம் வைக்க மாட்டாளாம். எந்த அம்மா பிள்ளைய விட்டுக்கொடுப்பாங்க, சொல்லுங்க?"

தோட்டக்காரர் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அவரை இங்கே அனுப்பியது ஒரு தொண்டு நிறுவனம். அட்டை நிறைந்தால் வேலை முடிந்தது, மறுநாளே அடுத்த பள்ளி. டீச்சர் இதை முதல் நாளே வகுப்பில் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கிறேனே என்று தோட்டக்காரர் அந்த நிறுவனத்தின் ஆபீஸில் வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்காக விதியை மாற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

வெளியே வந்தபோது அவருக்கு வருத்தம்கூட வரவில்லை. நாலு வருஷமாகவே அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. பசித்தால் சாப்பிடுவார், இருட்டினால் படுப்பார். தாடிகூட அவர் ஆசைப்பட்டு வளர்த்ததல்ல, அதுவாக வளர்ந்தது.

பிள்ளைகளுக்கு அவர் 'தாடி மாமா'. மாமா புழு, மாமா என் செடி பூத்திருக்கு என்று ஆளைப் பிய்த்தெடுப்பார்கள். அந்தப் பெண் மட்டும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்காருவாள். களை பிடுங்குவாள், தண்ணீர் ஊற்றுவாள். விளைந்ததை மட்டும் வாயில் வைக்க மாட்டாள்.

அவளைச் சாப்பிட வைக்க அவர் செய்யாத வித்தை இல்லை. கேரட்டைப் பூவாக நறுக்கினார், தக்காளிக்குக் கண்ணும் மூக்கும் வைத்தார். அவள் சாப்பிட்டால் இங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று தெரிந்தேதான் செய்தார். ஒவ்வொரு முறையும் அவள் வேண்டாம் என்று தலையாட்டும்போது மட்டும் உள்ளே எங்கேயோ லேசாக வலித்தது. அது வருத்தமா நிம்மதியா என்று அவருக்கே தெரியவில்லை.

"கடைசியா நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நீங்க சொன்னா கேப்பா," என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போனார்.

பள்ளி விட இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. மணி அடித்ததும் தோட்டக்காரர் கருவிகள் வைக்கும் அறைக்குள் போய்விடுவார். கூட்டிப்போக வந்த பெற்றோர் எல்லாரும் கேட்டைத் தாண்டும்வரை வெளியே தலை காட்டமாட்டார். அதற்குள் இந்த வேலையை முடிக்க வேண்டும்.

பாத்தியிலிருந்து நல்லதாக ஒரு கேரட்டைப் பிடுங்கினார். குழாயடியில் கழுவி, சட்டையில் துடைத்து, பாத்தியோரம் உட்கார்ந்திருந்த அவளிடம் நீட்டினார்.

"ஒரே ஒரு கடி போதும். பிடிக்கலேன்னா துப்பிடு."

அவள் கேரட்டையே பார்த்தாள். எச்சிலை விழுங்கினாள். வகுப்பறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அதை வாங்கி அவருடைய சட்டைப் பைக்குள்ளேயே செருகினாள்.

"எனக்குக் கேரட் பிடிக்கும்," என்றாள் மெதுவாக.

"அப்புறம் ஏம்மா சாப்பிட மாட்டேங்கற?"

"நான் சாப்பிட்டா நீ மறுபடியும் போயிடுவ, அப்பா."