பழைய நங்கூரம் எழுதிய குறிப்பு

"அந்தக் குடாவுக்குள்ள வரமாட்டேன்ப்பா. விட்டுடுங்க."

டெஸ் வயர்லெஸ்ஸில் இப்படிச் சொன்னபோது அந்தச் சேனலில் ஒன்பது படகுகள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தன. குயின்ஸ்லாந்துக் கரையோரம் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்பது பாவமே இல்லை. பாதிப் பொழுதுபோக்கே அதுதான்.

"நான் இங்கதானேம்மா நிக்கறேன்? தண்ணி குளம் மாதிரி கிடக்கு," என்றார் அவள் அப்பா நெவில்.

தென்கிழக்குக் காற்று மதியத்துக்கு மேல் வெறி பிடித்து அடிக்கும் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. டெஸ்ஸின் படகில் இன்ஜின் காலையிலேயே மூச்சை நிறுத்திவிட்டது. புருஷன் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தான். பாயை மட்டும் நம்பி வடக்கே போய்க்கொண்டிருந்தாள்.

நெவில் நின்ற குடாவை விட்டால் அடுத்த படகுத்துறை முப்பது கடல் மைலுக்கு அப்பால். குடாவின் முனையைத் தாண்டிவிட்டால், எதிர்க்காற்றில் இன்ஜின் இல்லாமல் திரும்பி வரவும் முடியாது. முனைக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

பெற்ற அப்பன் கூப்பிட்டும் வராதவளை என்ன சொல்வது? மேவிஸ் வாயைத் திறந்தே விட்டார். தினமும் காலை ஏழரைக்கு எல்லாப் படகுகளையும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறவர் அவர். அவர் பேச்சுக்கு யாரும் மறுபேச்சு பேசுவதில்லை.

"டெஸ், அடம் பிடிக்கிற நேரமா இது? அப்பா சொல்றதைக் கேளு."

"அடம் இல்ல மேவிஸ். அந்த இடத்தைப் பத்தின குறிப்பைப் படிச்சீங்களா?"

முன்னே போனவர்கள் படகுக்காரர்களுக்கான மொபைல் ஆப்பில் எழுதிவைத்ததைப் படிக்காமல் இங்கே யாரும் நங்கூரத்தைத் தொடுவதில்லை. டெஸ் சத்தமாகவே படித்தாள்.

"'அடியில் வழவழப்பான பாறை. நங்கூரம் பிடிக்காது. இரண்டு தடவை இழுத்துக்கொண்டுபோய்ப் பவளப்பாறையில் இடிக்கப் பார்த்தேன். மணல் ஈக்கடி தாங்கவில்லை. தவிர்க்கவும்.' எழுதினது யாருன்னு பாருங்க. பழைய நங்கூரம்."

மேவிஸ் அடங்கிவிட்டார். பழைய நங்கூரம் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருப்பது யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் ஆழம் நாலு மீட்டர் என்றால் நாலு மீட்டர்தான்.

"அவர் குறிப்பை வச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்," என்றாள் டெஸ். "ஒரு இடத்துலயும் தப்பினதில்ல."

"இது மட்டும் தப்பும்மா."

"உங்க நங்கூரம் முப்பத்தஞ்சு கிலோப்பா. எங்க போட்டாலும் நிக்கும். என்னோடது பத்து கிலோ. வழுக்கினா வெளிய ஓட இன்ஜின் இல்ல, நேரா பவளப்பாறைதான். அதுக்கு இந்த அலையே தேவலை."

குறிப்பை நம்புகிறவளுக்கு இதைவிடச் சரியான யோசனை இருக்க முடியாது. நெவில் மட்டும் அங்கே போய் நிற்பதை அவருடைய துணிச்சல் என்றுதான் ஊரே மெச்சிக்கொண்டிருந்தது.

"அடியில கெட்டி மணல்தாம்மா. நான் சொல்றேன்ல."

"அப்ப அவர் எதுக்குப் பொய் எழுதணும்?"

நெவில் மைக்கைப் பிடித்தபடி வெளியே பார்த்தார். பத்துப் படகு தாராளமாக நிற்கக்கூடிய குடா. ஆறு வருடமாக அவர் படகு ஒன்றுதான் நிற்கிறது. முனைக்குப் பக்கத்தில் மகளின் பாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. இந்தக் கரையில் இனி எந்த முகத்தோடு நடமாடுவது என்று அவருக்குக் கவலை வந்தது. பாய் இன்னொரு தடவை சாய்ந்தது.

"ஏன்னா, எழுதினது நான்தான்," என்றார்.

"என்னப்பா சொல்றீங்க?"

"பழைய நங்கூரம் நான்தாம்மா. கூட்டம் வந்துடும்னு அப்படி எழுதினேன். பாறையும் இல்ல, ஈயும் இல்ல. திருப்பும்மா. இப்பவே திருப்பு."

பாய் மெதுவாகக் கரைப்பக்கம் திரும்பியது.

அரை மணி நேரத்தில் டெஸ்ஸின் படகு அவருக்கு அறுபது மீட்டர் தள்ளி அசையாமல் நின்றது.

"கல்லு மாதிரி பிடிச்சிருக்கு," என்றாள். "ரொம்ப வெக்கமா இருக்குப்பா."

நெவில் வாயைத் திறப்பதற்குள் வேறொரு குரல் குறுக்கிட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த படகிலிருந்து டார்சி.

"நெவில், நாங்க மூணு படகு உன் குறிப்பைப் படிச்சுட்டுத்தான் காலையில அந்தக் குடாவைத் தாண்டி வந்தோம். இனி திரும்ப வழியில்ல. இங்க அலை மேல்தளத்துல ஏறுது."

மேவிஸ் என்ன சொல்லப்போகிறார் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். இன்றைக்கு மனுஷனுக்கு நல்ல பூசை இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு.

"நெவிலை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் மேவிஸ். "டார்சி, ஆறு மைல் முன்னால இடது பக்கம் ஒரு ஓடை வாய் வரும். மூணு பேரும் உள்ள போயிடுங்க. எவ்வளவு காத்து அடிச்சாலும் அங்க படகு ஆடாது."

"அங்கயா? ரெண்டு பெரிய முதலை சுத்துதுன்னு குறிப்புல போட்டிருக்கே மேவிஸ்?"

மேவிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதை எழுதினது நான்."