பதினோராவது கதவு

கண்டனூர்ப் பெரிய வீட்டில் முற்றத்தைச் சுற்றிப் பத்துக் கதவுகள். கல்யாணமான வாரிசு ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. பங்காளிகள் யாரும் இப்போது அங்கே குடியில்லை. ஆனாலும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அழகி, இருபது வருடமாகத் தினமும் காலையில் பத்துக் கதவுகளின் கல்படியிலும் மாக்கோலம் போடுகிறாள். தேக்குத் தூண்களும் கண்ணாடியாய் மின்னும் சுவர்களுமான அந்த வீட்டை, காலி வீடு என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

செவ்வாய்க்கிழமை காலையில் பதினோரு கதவுகள் இருந்தன.

அழகி இரண்டு முறை எண்ணிவிட்டு, சென்னையிலிருக்கும் அந்த வீட்டுப் பெரியவள் சீதை ஆச்சிக்குப் போன் போட்டாள்.

"ஆச்சி, மேக்குப் பக்கம் ஒரு கதவு கூடுதலா நிக்கிது. பழைய பர்மா தேக்கு. மேல கிளி செதுக்கியிருக்கு. மத்த கதவுக கணக்காவே அம்சமா இருக்கு."

ஆச்சி இன்னொரு முறை எண்ணச் சொன்னாள். பதினொன்றுதான்.

"என் சின்ன மகன் கதிரேசன் நேத்து டொராண்டோவுல வேத்துச் சாதிப் பொண்ணைக் கட்டிக்கிட்டான். அவனைப் புள்ளியில சேக்கக் கூடாதுன்னு பங்காளிக முடிவு பண்ணிட்டாக."

"வீடு சேத்திருச்சே ஆச்சி," என்றாள் அழகி, பெருமையாக.

"அங்கயும் ஒரு கோலம் போட்டுரு அழகி." ஆச்சி போனை வைத்தாள்.

அழகி மாவுக் கிண்ணத்தோடு குனிந்தாள். மற்ற பத்துப் படிகளிலும் அவள் போட்டுப் போட்டுக் கோலத்தின் வெள்ளை கல்லில் ஊறிப்போயிருக்கும். பதினோராவது படியிலும் ஊறியிருந்தது. இடது ஓரத்தில் எப்போதும் அவள் கை கொஞ்சம் கோணலாக இழுத்துவிடும் அந்த வளைவும், இருபது வருட அழுத்தத்தோடு, அங்கே இருந்தது.