பட்டனை அமுக்குகிறவன்

ஒரு பழைய வீடியோ கேம் பெட்டிக்குள் ராட்சதப் பல்லி ஒன்று இருந்தது. நகரங்களை இடித்துத் தள்ளுவதுதான் அதற்கு வேலை. ஆனால் மனசு ரொம்ப இளகியது. ஏழு மாடிக் கட்டடத்தை உடைக்கும் முன்னால், மூன்றாம் மாடி ஜன்னலில் துணி காயப்போடும் குட்டிப் பெண்மணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கையை ஓங்கும்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. வெளியில ஒருத்தன் பட்டனை அமுக்குறான். நான் என்ன பண்ணட்டும்?"

"உன்னைச் சொல்லி என்னப்பா ஆகப் போகுது," என்பாள் அவள். அடுத்த ஆட்டத்தில் கட்டடம் மறுபடி எழும்பும். அவளும் ஈரத்துணியை உதறிக்கொண்டு வந்து நிற்பாள்.

ஒரு நாள், விளையாடிக்கொண்டிருந்தவன் பாதியிலேயே எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான். அது தெரியாமல் பல்லி வழக்கம்போல் கட்டடத்தின் முன்னால் வந்து நின்று, வழக்கம்போல் மன்னிப்புக் கேட்டுக் கையை ஓங்கியது.

அவள் பெட்டியின் கண்ணாடித் திரை வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். "யாருப்பா அமுக்குறது? அங்க ஆளையே காணோமே!"

பல்லி திரும்பிப் பார்த்தது. விளையாடுகிறவன் உட்காரும் ஸ்டூல் காலியாக இருந்தது.

"இப்ப வந்துருவான்மா," என்றது. அது சொல்லி முடிப்பதற்குள் ஓங்கிய கை இறங்கி மூன்றாம் மாடி சரிந்துவிட்டிருந்தது.