நாற்பது வீட்டுச் சட்டை

பிஷ்கெக்கில் பழைய துணிகளைப் பிரித்துப் புது உடை தைத்து விற்பவள் நுர்ஜாத். எந்தத் துணி யாருடையது என்று சொல்லாமல் அவள் எதையும் கொடுத்ததில்லை.

அன்று கைக்குழந்தையோடு அய்சிரெக் வந்தாள். மறுநாள் குழந்தைக்கு நாற்பதாம் நாள். நாற்பது வீடுகளில் வாங்கிய துணித் துண்டுகளால் தைத்த சட்டையை அன்று குழந்தைக்குப் போடுவது அங்கே வழக்கம்.

“இருபது வீடுதான் ஏறி இறங்க முடிஞ்சுது அக்கா. இவன் விட்டாத்தானே?”

நுர்ஜாத் அலமாரியிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்தாள்.

“இது நாற்பது வீட்டுத் துண்டு. நானே வாங்கித் தைச்சது. யாரும் போட்டதில்ல. சும்மா எடுத்துக்க.”

அய்சிரெக் உடனே குழந்தைக்குப் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

“துரை மாதிரி இருக்கான் பாருங்க. ஆமா, யாருக்காகத் தைச்சீங்க?”

தெரிந்தவர்களுக்கு என்று நுர்ஜாத் ஒரு பொய் சொன்னால் போதும். அந்தச் சட்டைக்குள் ஒரு குழந்தையை அவள் முதன்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் மகனுக்கு. முப்பத்தெட்டு நாள்தான் இருந்தான்.”

அய்சிரெக் ஒவ்வொரு கையாக மெல்லக் கழற்றி, சட்டையை மடித்து மேசையில் வைத்தாள்.

“தப்பா நினைக்காதீங்க அக்கா. மிச்ச வீட்டுக்கும் போயிட்டு வந்துடறேன்.”

“போயிட்டு வா. சாயங்காலத்துக்குள்ள தைச்சுத் தரேன்.”