பிறந்ததும் அழுததா

எஸ்தர் கேட்டு முடிக்கும் முன்பே அவள் விரல் ‘இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டது.

பழக்கதோஷம். ‘ஆம்’ என்று போட்டால் கையிலிருக்கிற டேப்லெட்டில் இன்னும் பதினெட்டுக் கேள்விகள் திறக்கும். இன்றைக்கு முடிக்க வேண்டிய வீடுகள் ஐந்து பாக்கி. பிறந்தவர்கள், இறந்தவர்கள், பிழைக்கப் போனவர்கள் என்று மக்கள்தொகை ஆய்வுக்காகத் தெருத்தெருவாக அலைகிற எஸ்தருக்கு மட்டும் கால் வலிக்காதா?

கேள்வி இதுதான். நடுவில் பிறந்த அந்தக் குழந்தை, பிறந்ததும் அழுததா?

எதிரே தரையில் சுகன்யா உட்கார்ந்திருந்தாள். மூத்தவனுக்கு ஏழு வயது, இளையவனுக்கு இரண்டு. இடையில் இவ்வளவு வருடமா என்று டேப்தான் சந்தேகப்பட்டுக் கேட்டது.

வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்த மாமியார், திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

“அது செத்துப் பொறந்துச்சு. அப்படியே எழுதிக்கம்மா.”

செத்துப் பிறந்தால் அது ஒரு கர்ப்பம், அவ்வளவுதான். ஒரு தரமாவது அழுதிருந்தால்தான் குழந்தை.

ஆய்வின் விதி அது.

எஸ்தர் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

“அழுதுச்சுக்கா.”

சுகன்யாதான். குரல் அவள் மடியைத் தாண்டி வரவில்லை. ஆனாலும் வாசலில் கடலை உடைக்கும் சத்தம் நின்றது.

எஸ்தர் பழைய பக்கத்துக்குத் திரும்பி வந்தாள்.

‘ஆம்.’

பதினெட்டுக் கேள்விகளும் வரிசையாகத் திறந்தன.

ஆணா, பெண்ணா? பெண்.

எங்கே பிறந்தது? ஆம்புலன்ஸ் வருவதற்குள், இதே அறையில்.

பால் கொடுத்தீர்களா?

“ரெண்டு தடவ. நல்லா குடிச்சுச்சுக்கா.”

எத்தனை நாள் உயிரோடு இருந்தது?

விடியற்காலையில் பிறந்தது. மத்தியானம், குளிப்பாட்டிக் கொண்டுவருகிறேன் என்று மாமியார் வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது துணியில் சுற்றி, முகத்தை மூடியிருந்தது.

ஒரு நாள்கூட முடியவில்லை என்றால், நாளுக்கான கட்டத்தில் பூஜ்யம் போட வேண்டும்.

எஸ்தர் பூஜ்யம் போட்டாள்.

இறப்புக்குக் காரணம்?

சுகன்யா வாசலைப் பார்த்தாள்.

கட்டங்களில் காய்ச்சல் இருந்தது. மூச்சுத்திணறல் இருந்தது. எடைக்குறைவு இருந்தது. வாசலில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு கட்டம் இல்லை.

‘தெரியவில்லை’ என்பதைத் தொட்டாள் எஸ்தர். தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இதற்கு முன்னால் எத்தனை வீடுகளில் கேட்டு முடிக்காமலே ‘இல்லை’யைத் தொட்டிருப்பாள்?

டேப்புக்கு அதெல்லாம் கிடையாது. அடுத்த கேள்வியைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இப்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா?

சுகன்யா தோளில் கிடந்த துண்டை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“அஞ்சு மாசம்.”

எஸ்தரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் கடலை மறுபடி உடைய ஆரம்பித்தது.

எஸ்தர் மீதிக் கேள்விகளை முடித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு மாமியார் முன்னால் வந்து நின்றாள்.

“நவம்பர்ல மறுபடி வருவேன்மா.” தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். “குழந்தையப் பாத்து எடை எடுக்கணும். ஆணோ பொண்ணோ, உசுரோட காட்டணும். மேலிடத்து உத்தரவு.”

அப்படி ஓர் உத்தரவு கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான். அவளுடைய வேலையே இந்த ஜூலைக் கடைசியோடு முடிகிறது.

மாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த கடலைத் தோலை உதறினாள்.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில், வீடுகளை எண்ணிய நாளில் எழுதிப்போன வீட்டு எண் இருந்தது. நாற்பத்து மூன்று. எஸ்தர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். எண்ணுக்குக் கீழே ஒரு தேதி எழுதினாள்.

நவம்பர் 20.

அதன் மேலேயே இன்னொரு தரம் அழுத்தி எழுதினாள். உள்ளே சுகன்யா எழுந்து வந்து, கதவைப் பிடித்தபடி அதைப் படித்தாள்.

ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும், சுவரில் சாக்பீஸ் நிற்காது என்று எஸ்தருக்கும் தெரியும்.

மூன்றாம் தரமும் அழுத்தினாள்.