புஷ்பம் பார்த்த அவுஸ்திரேலியா

அவுஸ்திரேலியா போய் வந்த நாளிலிருந்து புஷ்பத்துக்குப் பதுளை பிடிக்கவில்லை. ரோடு சரியில்லை, சாப்பாடு சரியில்லை, குளிர்கூட அந்த ஊர்க் குளிர் மாதிரி இல்லை.

மெல்பேர்ணில் இருக்கும் மகள் கௌசிகா, அம்மாவையும் அப்பாவையும் ஒரு டூர் பஸ்ஸில் ஏற்றி, ஒரு வாரம் காடு மேடெல்லாம் சுற்றிக் காட்டி அனுப்பியிருந்தாள். வழி நெடுக கைடு பேசிய இங்கிலீஷில் பாதி புரியவில்லை. அதனால் என்ன? போட்டோ இருக்கிறதே! புருஷனின் கடைக்குச் சேலை எடுக்க வந்தவர்கள்கூட அதைப் பார்க்காமல் தப்பவில்லை.

இன்றைக்கு மாட்டிக்கொண்டவர்கள் இராமையாவும் ஜெயலெட்சுமியும். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து மகளை டீச்சராக்கியவர்கள். அந்த மகள் துஷாந்தினியைத்தான் கட்டுவேன் என்று புஷ்பத்தின் மகன் தர்ஷன் ஒற்றைக்காலில் நிற்கிறான். சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு டீக்கு முன்னால் போட்டோக்களோடு புஷ்பத்தின் போன் வந்தது.

"இது கங்காரு. ரோட்டோரமாவே நிக்கும். இது திராட்சத் தோட்டம். பாத்தீங்களா, என்னா சுத்தம்!"

"நல்லா இருக்குங்கம்மா," என்றாள் ஜெயலெட்சுமி.

இராமையா தொண்டையைச் செருமினார். "மொதலாளி, புள்ளைங்க விஷயமா..."

ஜவுளிக்கடை சுந்தரலிங்கம் மனைவியைப் பார்த்தார். அந்த வீட்டில் கல்லாப்பெட்டி மட்டும்தான் அவர் வசம்.

"பேசலாம், பேசலாம். பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல," என்றாள் புஷ்பம். "படிச்ச புள்ள. ஆனா பொறந்து வளந்தது தோட்டத்து லயத்துல. வரிசையா ஒட்டுன வீடு, ஊருக்கே ஒரு பைப்பு, பக்கத்து வீட்டுக்காரன் தும்முனா நம்ம வீட்டுல கேக்கும். அங்க வளந்த புள்ளைக்கு எங்க வீட்டுப் பழக்கவழக்கம் வருமா?"

"அம்மா!" தர்ஷன் எழுந்தேவிட்டான்.

"நீ உக்காருடா. சுந்தரலிங்கம் மொதலாளி லயத்துல போய்ப் பொண்ணெடுத்தாருன்னு நாளைக்கு நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

ஜெயலெட்சுமியின் முகம் சுண்டிப்போனது. வீட்டில் மகள் நல்ல செய்திக்காகக் காத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

பேச்சு சங்கடமானதும் புஷ்பம் அவுஸ்திரேலியாவுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

"இதப் பாருங்க. இங்கதான் ஒரு ராத்திரி தங்க வச்சாங்க. முந்தி ஆட்டு ரோமம் வெட்டுற ஆளுங்க இருந்த எடமாம். அப்பிடியே வச்சிருக்காங்க. இதுல தங்குறதுக்கு வெள்ளக்காரனே மாசக்கணக்கா காத்துக் கெடக்கிறானாம்!"

இராமையா குனிந்து பார்த்தார். நீளமாக ஒரே கட்டடம். தகரக் கூரை. வரிசையாகக் கதவுகள். முன்னால் ஒரே வராந்தா. ஓரத்தில் எல்லாருக்குமாக ஒரு பைப்பு.

"இது நம்ம லய..." என்று ஆரம்பித்தவரை ஜெயலெட்சுமி நறுக்கென்று கிள்ளினாள்.

"அழகா இருக்குங்கம்மா," என்றாள் அவளே. "இதுல உங்களுக்கு எந்த ரூம் குடுத்தாங்க?"

புஷ்பத்துக்கு வாயெல்லாம் பல். இத்தனை பேரில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை.

"குடுக்கிறதாவது! பஸ்ஸ விட்டு எறங்குனதும் வெள்ளக்காரங்கல்லாம் நடு ரூம்ல போய்ப் பெட்டிய வச்சாங்க. வெவரம் தெரியாததுங்க! நான் ஒரே ஓட்டமா ஓடி தொங்கக் காம்பராவப் புடிச்சிட்டேன்ல! ஒரு பக்கந்தானே அடுத்த வீட்டுச் சத்தம்? மறுபக்கம் நாலு கீரை போட்டுக்..."

சட்டென்று நிறுத்தினாள்.

சுந்தரலிங்கம் கூரையைப் பார்த்தார்.

புஷ்பம் பண்டாரவளை டவுன்காரி என்பதுதான் பதுளைக் கடைவீதி அறிந்த வரலாறு. பெற்ற பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லி வைத்திருக்கிறாள். ஆனால் டவுன்காரர்கள் யாரும் அறையைக் காம்பரா என்று சொல்வதில்லை. லயத்தின் கோடி வீட்டுக்குத்தான் தொங்கக் காம்பரா என்று பெயர். அதைப் பிடிக்க அண்ணன் தம்பியே அடித்துக்கொள்வார்கள் என்பது அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். கல்யாணமான நாள் முதல் கட்டிக் காத்த ரகசியத்தை ஒரு போட்டோ போட்டு உடைத்துவிட்டது.

இராமையாவின் முகம் மலர்ந்தது. "அட! அப்ப நீங்க எந்தத் தோட்..."

மறுபடியும் ஒரு கிள்ளு. இந்தத் தடவை கொஞ்சம் பலமாக.

"தொங்கக் காம்பராவா?" தர்ஷன் நெற்றியைச் சுருக்கினான். "அப்பிடின்னா என்னம்மா?"

புஷ்பம் போட்டோவை விரலால் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள். ஜெயலெட்சுமி நினைத்தால் ஒரே வார்த்தையில் கணக்குத் தீர்த்துவிடலாம். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"அது அந்த ஊருப் பாஷைங்க தம்பி," என்றாள் ஜெயலெட்சுமி, போனில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு. "டூர் கைடு சொல்லிக் குடுத்திருப்பாரு. அப்பிடித்தானுங்கம்மா?"

புஷ்பம் மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"ஆமா, சம்பந்தி," என்றாள்.